பணம் கொடுத்தால் பர்ளு நீங்குமா?

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குத் தெரியும். கொடுத்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, பாக்கி யார் தலையில் நிற்கிறது என்பதை இரவில் கடை அடைக்குமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கைக்குப் போகிறோம். ஆனால் சென்ற வருஷம் நமதூரில் நடந்த ஒரு மௌத்துக்குப் பிறகு, எந்தப் புத்தகத்தில் பற்று எழுதுவதென்று விளங்காத ஒரு கடன் நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைப்பற்றி நம் சகோதரர்களோடு கலந்து யோசிக்கவே இதை எழுதுகிறோம்.

நமதூர் சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடைப்பட்டது. அங்கே ரொட்டிக் கடையொன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், கடைக்கு மேல்மாடியில் தாம் படுத்திருந்த அறையிலேயே ஓர் இரவில் மௌத்தாகிவிட்டார். மனைவி மக்கள் இங்கே கிடையாது. ஊரில் இருந்தார்களா என்பதும் யாருக்கும் தெரியாது. ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் செய்தி கைத்தொலைபேசி வழியே பரவிற்று. ஒரு மணி நேரத்துக்குள் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் ‘இன்னாலில்லாஹி’ எழுதிவிட்டார்கள். நாமும் எழுதினோம்.

அன்று நமது கடைக்குப் பினாங்கிலிருந்து சரக்கு லாரி வரும் நாள். அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் இறக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே கடைப் பையனிடம் 100 வெள்ளியைக் கொடுத்து, ஜமாஅத் காரியதரிசியின் கையில் சேர்த்துவிடும்படி அனுப்பினோம். லுஹருக்குப் பள்ளிக்குப் போய் ஜனாஸாத் தொழுகையிலும் நின்றோம். மூன்று வரிசை நின்றது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. தொழுகை முடிந்து சந்தூக்குப் புறப்பட்டபோது மையவாடிக்குப் போனவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் நாம் இல்லை. லாரிக்காரன் காத்திருந்தான்.

மாலையில், நமதூரில் மையித்துக் குளிப்பாட்டும் முதியவர் சீனி வாங்க வந்தார். எழுபத்தெட்டு வயது. காலையில் தம்மோடு பள்ளி மோதினாரைத் தவிர யாரும் கிடைக்காமல், பக்கத்துப் பட்டணத்திலிருந்து கூலிக்கு இரண்டு பேரைத் தருவித்ததாகச் சொன்னார். பிறகு நம்மைப் பார்த்து, “தம்பி, ஒங்க நூறு வெள்ளி நல்லா வேலை செஞ்சிச்சு. வந்த ரெண்டு பேருக்கும் அதுலதான் கொடுத்தோம். அதுக்கு முழங்கால் வலி இல்லே, அவசர சோலி இல்லே. ஆனா தல்கீன்ல கூப்பிட அவுக அம்மா பேரு என்னன்னு ஹஜ்ரத் கேட்டாங்க. வெள்ளிக்கு அது தெரியலே” என்றார்.

மையித்தை அடக்கியபின் கபுறின் அருகிலமர்ந்து ஓதும் தல்கீனில், மௌத்தானவரைத் தாயின் பெயரோடு சேர்த்து, இன்னாளின் மகனே என்று அழைப்பது நமது வழக்கம். (தல்கீன் ஓதலாமா கூடாதா என்ற தர்க்கம் உண்டு. அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை.) தாயின் பெயர் தெரியாதபோது, மனித குலத்துக்கே தாயான ஹவ்வாவின் மகனே என்று அழைப்பார்கள். அன்று அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். அவர் பிசைந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்னாதவர் நமதூரில் இல்லை. அவரோடு நாளும் ஸலாம் சொல்லாதவரும் இல்லை. ஆனால் அவரைப் பெற்றவளின் பெயரைக் கேட்டு வைத்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் ஹஜ்ரத் அவர்களிடம் போய் நேராகவே கேட்டோம்: பணம் கொடுத்தால் பர்ளு நீங்குமா? அவர்கள் சிரித்துக்கொண்டு, நாம் மத்ரஸாவில் ஓதியதையே ஞாபகப்படுத்தினார்கள். மையித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழவைப்பது, அடக்குவது ஆகிய நான்கும் பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லார் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். கூலிக்குச் செய்வித்தாலும் கடமை நீங்கிவிடும். சட்டம் இவ்வளவே என்றார்கள். பிறகு, இமாம் கஸ்ஸாலி அவர்களின் ஆசிரியரான இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களின் கருத்தொன்றையும் எடுத்துச் சொன்னார்கள். தன் சொந்தக் கடமையைச் செய்பவன் தன் குற்றத்தை மட்டும் நீக்கிக்கொள்கிறான். பர்ளு கிஃபாயாவைச் செய்பவனோ ஊரார் அனைவரின் குற்றத்தையும் நீக்குகிறான். ஆகையால் இவனுக்குச் சிறப்பு அதிகம் என்று அந்தப் பெரியார் கருதினாராம். அப்படியானால் அன்று நம் தலையிலிருந்த குற்றத்தை இறக்கிவைத்தது, முழங்கால் வலிக்கும் ஒரு கிழவரும், நமது முகத்தைக்கூடப் பாராத இரண்டு கூலிக்காரர்களும்.

நம் சகோதரர் ஒருவர் இங்கே மறித்துக் கேட்கக்கூடும்: “கடை நடத்துவதும் பர்ளு கிஃபாயாதானே?” நியாயமான கேள்விதான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் உழவு, நெசவு, தையல் முதலியவற்றையும் அந்த வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு அரிசி வேண்டும். அதைக் கொண்டுவந்து இறக்க ஒருவன் வேண்டும். 2020 மார்ச் 18-ல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஊரே அடைந்து கிடக்க, நமது மளிகைக் கடைகள்தாம் திறந்திருந்தன. அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளவும் நியாயமுண்டு. ஆனால் அந்தக் கடமைக்கு நமக்கு லாபம் கிடைத்தது. லாபம் கிடைக்கிற பர்ளுக்கு ஆள் குறைவதில்லை. அதே கஸ்ஸாலி அவர்கள்தாம், தம் காலத்தில் பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லாதிருந்தும், பேரும் பதவியும் தரும் படிப்புக்கே எல்லாரும் முண்டியடிக்கிறார்கள் என்று குறைப்பட்டார்கள். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்திய புகார் அது. ஆள் மாறவில்லை.

இனி, நம் வீட்டுச் செய்தி ஒன்று. அத்தா உயிரோடிருந்தபோது பலமுறை சொன்னது.

நமது பாட்டனார் பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தார்கள். அரிசி, மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் சம்பள நாள் வரை கடன்தான். 1958-ல் அவர்கள் கடையிலேயே மௌத்தானபோது அத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. அடைமழை. தோட்டத்தில் முஸ்லிம்கள் என்று மூன்று பேர். அதில் ஒருவர் இந்தப் பையன். பட்டணத்திலிருந்து லெப்பையை அழைத்துவந்தவர் தோட்டத்துக் கங்காணி. தம் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்து வந்திருக்கிறார். குளிப்பாட்டுகிற காரியத்தை லெப்பை பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் சுமந்தவர்களும், மறைப்புக் கட்டியவர்களும், சேற்றுப் பாதையில் மையவாடி வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சந்தூக்கைச் சுமந்தவர்களும், கபுறு வெட்டியவர்களும் அந்தத் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் முனியாண்டியையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். நமது பர்ளு அவர்கள் மீது விதிக்கப்படவில்லை.

தல்கீனுக்கு லெப்பை பெயர் கேட்டார்கள். பையன் விழித்தான். பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எந்த வீட்டில் உண்டு? அப்பொழுது கொஞ்சம் தள்ளிக் குடையோடு நின்றிருந்த கங்காணி, பாட்டனாரின் தாயார் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மாதாமாதம் பாட்டனார் ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் மணியார்டரைத் தபாலாபீஸில் கட்டி ரசீது வாங்கி வருபவர் அவர். அதனால் பெயர் தெரிந்திருந்தது. காரியம் முடிந்தபின், பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் சுமந்தவர்களுக்கெல்லாம் கூலி கொடுக்கப் போனாராம். “சாவுக்குக் கூலியா நானா?” என்று கேட்டுவிட்டு, மழையோடு மழையாக லயத்துக்குத் திரும்பிவிட்டார்களாம்.

அத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் நாம் கதை கேட்பதுபோலக் கேட்டிருக்கிறோம். இப்பொழுதுதான் வேறு விதமாக உறைக்கிறது. விதிக்கப்படாதவர்கள் தோள் கொடுத்தார்கள். விதிக்கப்பட்ட நாம் லாரி எண்ணிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்து ஜனங்களிடம் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கொடுக்கப் பணமில்லாததால் உடம்பைக் கொடுத்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மைதான் உண்டு. 1942, 43-ல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துப் போனான். அங்கே காட்டில் செத்தவர்களில் எத்தனையோ பேருக்குக் குழியுமில்லை, அழ ஆளுமில்லை. திரும்பி வந்தவர்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். போர் முடிந்ததும் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை கிளம்பிற்று. 1946, 47-ல் அது கெடாத் தோட்டங்களிலெல்லாம் பரவியது. கள்ளுக்கடையை மூடு என்பது அவர்களின் முதற்கோரிக்கை. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை. பகலெல்லாம் மரம் வெட்டிய கூலி மாலையில் அங்கே போய்விடும். தொண்டர்கள் அந்த வாசலில் போய் நின்று குடிக்க வந்தவர்களைத் தடுத்தார்கள். 1947-ன் தொடக்கத்தில் போலீசோடு மோதல் ஏற்பட்டுத் தொழிலாளர்கள் உயிரும் இழந்தார்கள். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தபின் அத்தகைய இயக்கங்களுக்கு மூச்சுவிட இடமில்லாமற் போயிற்று.

இதில் வியாபாரிகள் யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. கள்ளுக்கடை மூடினால் யாருக்கு லாபம்? தொழிலாளியின் மனைவி மக்களுக்கு; அடுத்தபடி, கடன் கொடுத்துவிட்டுச் சம்பள நாளை எதிர்பார்த்திருக்கும் மளிகைக் கடைக்காரனுக்கு. கள்ளுக்குப் போகாத காசு நமது பாக்கிக்கு வந்து சேரும். அடியை வாங்கியவன் தொண்டன்; பாக்கி வசூலானது நமக்கு. மது நமக்கு விலக்கப்பட்டது. அதை ஒழிக்க முன்வரிசையில் நின்றிருக்க வேண்டியவர்கள் நாம். நம் பாட்டனார் அந்த வாசலில் போய் நின்றார்களா என்று அத்தாவிடம் ஒருமுறை கேட்டோம். அத்தா பேச்சை மாற்றிவிட்டார்கள். அதற்குமேல் கேட்க நமக்கு மனம் வரவில்லை.

நிற்க. பணத்தைத் தாழ்த்திப் பேசுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். பணம் சாதிக்கிற காரியத்தைக் கை சாதிக்க முடியாத சமயம் உண்டு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, தொழிலாளி வீடும் வேலையும் ஒருங்கே இழந்து வீதிக்கு வந்தான். அப்பொழுது மந்திரியாயிருந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார்கள். அவ்வாறு முதன்முதல் வாங்கிய தோட்டம் நமது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பத்து வெள்ளியும் பணந்தான். ஆனால் போட்டவன் அந்தத் தோட்டத்திலேயே நின்றான், கேட்டவர் அவன் லயத்து வாசலுக்கே வந்தார். நாம் பையனிடம் கொடுத்தனுப்பிய 100 வெள்ளியோ, நாம் வராமலிருப்பதற்கு எழுதிக்கொண்ட ரசீது.

மரண சகாய நிதியும் தொடக்கத்தில் இந்த மாதிரிதான் இருந்தது. ராஜுலா கப்பலில் தனியாளாய் வந்திறங்கியவர்களுக்கு, இங்கே கண்ணை மூடினால் கஃபன் துணிக்கு யாரைக் கேட்பது என்ற கவலை. ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டார்கள். சந்தா வாங்குபவர் கடைகடையாக நடந்து வருவார். வந்தால் தேநீர் குடிப்பார், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்பொழுது சந்தா வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகிறது. கணக்கு முன்னைவிட ஒழுங்காயிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடைக்கு யாரும் வருவதில்லை.

சிந்தோக் சர்வகலாசாலையில் படிக்கும் நம் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978 முதல் 1980 வரை கெடா நெல்வயல் கம்பமொன்றில் தங்கி ஆராய்ந்து, 1985-ல் வெளியிட்டாராம். கம்பத்துக்கு அவர் வைத்த மாற்றுப் பெயர் செடாக்கா. நமது காதில் ஸதகா என்றே விழுந்தது. முன்பு அங்கே ஒருவர் வயலில் மற்றவர் முறைவைத்து உழைப்பது வழக்கம். மலாய்க்காரர் அதை டெராவ் என்பர். மூடா நீர்ப்பாசனத்தால் ஒரு போகம் இரண்டு போகமாகி, பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. நெல் அதிகம் விளைந்தது. ஆனால் ஏழையின் கை தேவைப்படாமற் போகவே, பணக்காரர் வீட்டுக் கெண்டூரியும் அவன் கைக்கு வரும் தர்மமும் குறைந்துபோயின என்று எழுதியிருக்கிறாராம். கை தேவைப்படாத இடத்தில் மனிதனும் நினைவுக்கு வருவதில்லை என்று நாம் புரிந்துகொண்டோம். மகள் அது அவ்வளவு சுலபமில்லை என்றாள், இருக்கலாம்.

நம் இளைஞர்களுக்கு மனமில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலை 4-ல் பாலிங்கில் மலைவெள்ளம் இறங்கி மூன்று உயிர்கள் போனபோது, நமதூர்ப் பிள்ளைகள் மண்வெட்டியும் சாப்பாட்டுப் பொட்டலமுமாகக் குப்பாங் பக்கம் போய், முன்பின் அறியாதவர் வீட்டுச் சேற்றை அள்ளிப் போட்டார்கள். படமும் எடுத்துக்கொண்டார்கள், எடுத்தால் என்ன, நல்ல காரியந்தானே. ஆனால் வெள்ளம் ஒருநாள் வருகிறது. மேல்மாடியில் தனியாகப் படுத்திருப்பவர் இருபது வருஷமாகப் படுத்திருக்கிறார். அவருக்காக யாரும் அழைப்பு அனுப்புவதில்லை.

ஆகவே, பர்ளு நீங்குமா என்ற கேள்விக்கு ஹஜ்ரத் சொன்ன பதிலை நாம் ஒப்புக்கொள்கிறோம். நீங்கும். மறுமையில் அந்த நான்கு காரியங்களுக்காக நம்மைப் பிடிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். ஆனால் இந்தக் கடமையை ஒரு தனி மனிதன்மேல் வைக்காமல் ஊரின்மேல் வைத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். ஊர் என்று ஒன்று இருந்தால்தானே அதன்மேல் வைக்க முடியும்? எல்லாரும் பணம் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தால், கடமை நீங்குகிறது. கடமையைச் சுமக்கும் ஊரும் கூடவே நீங்கிப்போகிறது. நமக்கு விளங்கிய மட்டில் பாக்கி நிற்பது அங்கேதான்.

சென்ற மாதம் ஜமாஅத் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னோம். சந்தாப் படிவத்தில் தாயார் பெயருக்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஒருவர் யோசனை சொல்ல, எல்லாரும் நல்லது என்றார்கள். தீர்மானமும் நிறைவேறிற்று. குளிப்பாட்டும் முதியவர் மட்டும், “எழுதி வையுங்க, வேணாங்கலே. அந்தத் தாளையும் யாராவது கையிலே எடுத்துக்கிட்டு மையவாடிக்கு வரணுமே” என்றார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் குளிப்பாட்டும் முறையைக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். முதல் வாரம் மூன்று பேர் போனோம். அடுத்த வாரம் ஐந்து பேர். மூன்றாம் வாரம் பெருநாள் வியாபாரம் வந்துவிட்டதால் நாம் போகவில்லை.

அதே வாரத்தில் ஒரு நாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. நமது கடைப் பையன், அந்த 100 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து நான்கு வருஷமாயிற்று. நமது கடைக்கு மேலேதான் படுக்கிறான். “தம்பி, ஒங்க அம்மா பேரு என்ன?” என்று கேட்டோம். சொன்னான். சொல்லிவிட்டு, “ஏன் முதலாளி, ஊருக்கு ஏதும் பணம் அனுப்பவா?” என்று கேட்டான்.

ஆமாம், அதற்குத்தான் என்று சொல்லிவிட்டோம்.